அவள் எழுதாத பதினாறு பக்கம்

திருமங்கலத்துப் புத்தகத்தில் இருக்கும் அந்தப் பதினாறு பக்கமும் போலி என்று நீங்கள் மேடையில் சொன்னது பொய், சார். தெரிந்தே சொன்ன பொய். போலிப் பக்கங்கள் உங்கள் புத்தகத்தில்தான் இருக்கின்றன. அவற்றை எழுதியவள் நான். அது உங்களுக்குத் தெரியும். உங்கள் வீட்டு முன்னறையில் உட்கார்ந்து என் வாயால் சொல்லியிருக்கிறேன்.

நீங்கள் தமிழ்ப் பேராசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர், பசுமலையில் வீடு, பழைய புத்தகங்களைத் தேடி எடுத்துப் பதிப்பிக்கிறவர் என்பதெல்லாம் ஊருக்குத் தெரியும். என்னைத்தான் யாருக்கும் தெரியாது. அதனால் என்னைப் பற்றிக் கொஞ்சம் சொல்கிறேன்.

எங்கள் குடும்பம் கோச்சடையில் நெல் போட்ட குடும்பம். வயலெல்லாம் பிளாட் ஆன பிறகு அப்பா என்னைப் பத்தாவதோடு நிறுத்தி ஒரு அச்சகத்தில் சேர்த்துவிட்டார். ஈய எழுத்தைப் பொறுக்கிக் கோக்கிற வேலை. வருஷக் கணக்கில் நின்றுகொண்டே கோத்தேன். ஈய எழுத்து ஒழிந்து கம்ப்யூட்டர் வந்ததும் டைப் கற்றுக்கொண்டு வீட்டு மாடியில் உட்கார்ந்துவிட்டேன். புத்தகங்களை டைப் செய்து பக்கம் கட்டிக் கொடுப்பேன். அதே அச்சகத்தில் மிஷின் ஓட்டியவரைத்தான் கல்யாணம் செய்துகொண்டேன். அவர் இப்போது கீழே ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்.

நான் கதையும் எழுதுவேன். இதை உங்களிடம் இரண்டு முறை சொல்லியிருக்கிறேன். இரண்டு முறையும் "அப்படியா, பேஷ்" என்றீர்கள். என் கதைகளில் ஒன்று வார இதழில் வந்தது, அதையும் வேறு யாரோ பெயரில் போட்டுவிட்டார்கள். மற்றதெல்லாம் திரும்பி வந்தது. பிரசுரிக்க இயலாமைக்கு வருந்துகிறோம் என்ற சீட்டு என்னிடம் கத்தையாக இருக்கிறது. நீங்கள் முதல்முதலாக என் மாடிக்கு வந்த அன்று, மேஜையில் நான் எழுதி வைத்திருந்த கதைத் தாள்களின் மேல்தான் காபி டம்ளரை வைத்தீர்கள். வட்டமாகக் கறை பட்டது. நீங்கள் பார்க்கவில்லை. உங்கள் கவனமெல்லாம் வேட்டித் துணியில் சுற்றிக் கொண்டுவந்திருந்த பழைய புத்தகத்தின் மேல்.

"ஏம்மா, இது அப்பளம் மாதிரி. தொட்டா உதிரும். பாத்து ஸ்கேன் பண்ணிக்கிட்டு அடி," என்றீர்கள்.

அட்டையில் தலைப்புக்குக் கீழே 'ஒரு உபாத்தியாயினி எழுதியது' என்று மட்டும் போட்டிருந்தது. பள்ளிக்கூட டீச்சர் ஒருத்தி. பெயர் இல்லை. அந்தப் பெயரைக் கண்டுபிடிக்க நீங்கள் ஐந்து வருஷம் அலைந்ததாகச் சொன்னீர்கள். சர்ச்சில் ஞானஸ்நானப் பதிவேட்டைப் பார்த்தீர்கள். மிஷன் பள்ளிக்கூடத்து வருகைப் பதிவேட்டைப் பார்த்தீர்கள். வெயிலில் கல்லறைத் தோட்டத்தில் ஒவ்வொரு கல்லாகத் துடைத்துப் பார்த்து, கடைசியில் பெயரைக் கண்டுபிடித்தீர்கள். நீங்கள் சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரிந்தது. செத்துப்போய் இத்தனை காலமான ஒருத்திக்காக ஒரு மனுஷன் வெயிலில் கல்லைத் துடைக்கிறார். உயிரோடு எதிரே உட்கார்ந்திருப்பவளின் தாள்மேல் டம்ளரை வைக்கிறார்.

எனக்கு அவள்மேல் பொறாமை. இதைச் சொல்ல எனக்கு வெட்கம் இல்லை.

பழைய அச்சகக்காரி என்பதால் எந்தப் புத்தகம் வந்தாலும் முதலில் ஃபாரம் எண்ணிப் பார்ப்பேன். பெரிய தாளில் பதினாறு பக்கத்தை அடித்து மடித்துத் தைப்பார்கள். அந்த மடிப்புக்குப் பெயர் ஃபாரம். தையல் விட்டுப்போனால் பக்கம் பக்கமாகப் போகாது, ஃபாரமாகத்தான் போகும். உங்கள் புத்தகத்தில் எண்பதாம் பக்கத்துக்கு அடுத்து தொண்ணூற்றேழு இருந்தது.

"சார், ஆறாவது ஃபாரம் இல்ல."

"தெரியும்மா. சென்னையில என் பழைய மாணவர் ஒருத்தர் லைப்ரரி லைப்ரரியாத் தேடிக்கிட்டு இருக்காரு. கெடைச்சதும் நேரா உனக்கே மெயில் பண்ணச் சொல்லிருக்கேன். அதுவரைக்கும் டம்மி போட்டு வை. பின்னால பக்க நம்பர் மாறக் கூடாது."

டம்மி போடுவது எங்கள் தொழிலில் சாதாரணம். பக்கம் வரத் தாமதமானால், அந்த இடத்தை அடைக்க ஏதாவது ஒரு மேட்டரை அதே அளவுக்கு ஒட்டி வைப்போம். உண்மையான மேட்டர் வந்ததும் எடுத்துவிட்டு மாற்றிவிடுவோம். என்னிடம் ஒரு கும்பாபிஷேக நோட்டீஸ் நிரந்தரமாக உண்டு. கல்யாண மலரானாலும் ஆராய்ச்சிப் புத்தகமானாலும் அதைத்தான் திரும்பத் திரும்ப ஒட்டுவேன். யாகசாலை பூஜை, பூர்ணாகுதி, அன்னதானம் என்று பக்கம் பக்கமாக ஓடும். அதைப் பார்த்தாலே டம்மி என்று தெரியும். இந்தப் புத்தகத்துக்கும் அதையே ஒட்டியிருந்தால் இன்றைக்கு நான் இதை எழுத வேண்டியதில்லை.

எண்பது பக்கத்தை அடிக்க மூன்று வாரம் ஆனது. அந்த மூன்று வாரமும் அவள் என் விரலில் இருந்தாள். திருமங்கலத்துக்கு மேற்கே ஒரு புஞ்சைக் கிராமத்தில் பிறந்தவள். அப்பா சோளம் போட்டவர், இன்னும் சில குடும்பங்களோடு சேர்ந்து கிறிஸ்தவ வேதத்துக்கு மாறியவர். மகளை மிஷன் போர்டிங்கில் விட்டார். அவள் படித்து அங்கேயே டீச்சரானாள். பெண்களுக்காக மிஷன் நடத்திய மாதப் பத்திரிகையில் மாதம் ஒரு அத்தியாயமாக இந்த நாவலை எழுதினாள். பிறகு புத்தகமாகப் போட்டார்கள். அதற்கப்புறம் ஒன்றும் எழுதவில்லை, ஏன் என்று தெரியவில்லை. உங்கள் முன்னுரையில் அவ்வளவுதான் இருந்தது.

கதை என்னவென்றால், இரண்டு டீச்சர்கள். ஒரே போர்டிங்கில் ஒரே பாயில் படுத்து வளர்ந்தவர்கள். ஒரு கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் சேர்ந்து வேலை பார்க்கிறார்கள். தலைமை உபாத்தியாயினி வேலை கதாநாயகிக்குத்தான் வரும் என்று எல்லாரும் நினைத்திருக்க, மிஷன் அதைச் சிநேகிதிக்குக் கொடுத்துவிடுகிறது. சிநேகிதி கணவனோடு இருப்பவள், கதாநாயகி விதவை. அதுதான் காரணம். எண்பதாம் பக்கத்தில் கதாநாயகி சிநேகிதியின் வீட்டுக்குப் போகிறாள். 'கதவண்டை வந்து நின்று' என்பதோடு பக்கம் முடிகிறது. தொண்ணூற்றேழாம் பக்கம், 'என்றாள். அதற்குப் பின்பு அவர்கள் அதைக் குறித்து ஒருநாளும் பேசினதில்லை' என்று தொடங்குகிறது.

நடுவில் அவள் என்ன சொன்னாள்? அதுதான் இல்லை.

நன்றாக எழுதியிருந்தாள், சனியன். எங்கேயும் அழ மாட்டாள், எங்கேயும் உபதேசம் செய்ய மாட்டாள். பிள்ளைகள் சிலேட்டைத் துடைக்கிறதையும், அடுப்பில் சோளச்சோறு அடிப்பிடிக்கிறதையும் சொல்லிக்கொண்டே போவாள். நாம் கலங்கிப் போயிருப்போம். நான் கதை எழுதினால் முதல் பக்கத்திலேயே கத்த ஆரம்பித்துவிடுவேன். என் கதை ஏன் திரும்பி வந்தது என்று அவளை அடிக்கும்போதுதான் புரிந்தது. அது புரிந்தது எனக்குப் பிடிக்கவில்லை.

சாப்பிடும்போது வீட்டுக்காரர் கேட்டார்.

"என்ன மூஞ்சி இம்புட்டு நீளமா இருக்கு?"

"நல்லா எழுதிருக்கா."

"அதுக்கு நீ ஏன் மொறைக்கிற? செத்து எம்புட்டு வருசமாச்சு. அவகூடப் போயி மல்லுக்கட்டுறியே."

"செத்தவளத் தேடி சார் போயிருக்காரு. நான் எதுத்தாப்புல உக்காந்திருக்கேன். என்னையப் பாக்கலையே."

"அப்ப உன்னையப் பாக்கணும்னா நீயும் செத்துத்தான் காட்டணும் போல. அவசரப்படாத, தோசைக்கு மாவு ஆட்டிட்டுப் போ."

சிரித்துவிட்டேன். ஆனால் ஆறவில்லை. ஒரு சனிக்கிழமை காலையில் உட்கார்ந்து, அந்த ஃபாரத்துக்கான டம்மியை நானே எழுத ஆரம்பித்தேன். அவள் எழுதாமல் போயிருந்தால் நான் எப்படி எழுதியிருப்பேன் என்று பார்க்கத்தான் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை அதுவல்ல. அவள் புத்தகத்துக்குள் புகுந்து அவளை ஜெயித்துக் காட்ட வேண்டும் என்று இருந்தது. எண்பது பக்கம் அடித்ததில் அவள் நடை கைக்கு வந்துவிட்டது. எங்கே 'அல்லவோ' போடுவாள், எங்கே 'குறித்து' போடுவாள் என்று தெரியும். எண்பதாம் பக்கத்துக் கடைசி வாக்கியத்திலிருந்து தொடங்கி, தொண்ணூற்றேழின் 'என்றாள்' வரைக்கும் கச்சிதமாகக் கொண்டுவந்தேன். கதாநாயகி சிநேகிதியைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு வைகைக்குப் போகிறாள். தண்ணீர் இல்லாத ஆற்று மணலில் நின்று கத்துகிறாள். நான் உனக்குக் கணக்குச் சொல்லிக் கொடுத்தேன், உனக்கு அம்மை போட்டபோது பக்கத்தில் கிடந்தேன், தாலி இல்லாத கழுத்துக்கு நாற்காலி கிடையாதோ என்று இரண்டு பக்கம் பேசுகிறாள். மத்தியானச் சாப்பாட்டுக்குக்கூட எழுந்திருக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை முடித்தேன்.

முதல் புரூஃபில் அந்தப் பக்கங்களின் ஓரத்தில் சிவப்பு மையில் 'டம்மி, மாற்ற வேண்டும்' என்று எழுதித்தான் கொடுத்தேன். நீங்கள் அந்தப் புரூஃபில் முன்னுரையை மட்டும் திருத்திக் கொடுத்தீர்கள். மற்றதைப் புரட்டவில்லை. இரண்டாம் புரூஃபில் நான் அந்தச் சிவப்புக் குறிப்பைப் போடவில்லை. இது என் குற்றம். ஒப்புக்கொள்கிறேன். நீங்கள் கண்டுபிடிக்கிறீர்களா என்று பார்த்தேன். சென்னையிலிருந்து பக்கம் நேராக எனக்கு வந்துவிட்டது என்று நீங்கள் எடுத்துக்கொண்டீர்கள். ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்தப் பக்கங்களில் இரண்டு ஒற்றுப்பிழை திருத்தி, ஓரத்தில் 'அற்புதம்' என்று பென்சிலில் எழுதி, அச்சுக்கு அனுப்பலாம் என்று கையெழுத்துப் போட்டு அனுப்பினீர்கள்.

'அற்புதம்.' அந்தப் புரூஃபை இன்னும் பீரோவில் வைத்திருக்கிறேன். என் எழுத்தைப் பார்த்து ஒரு படித்த மனிதர் எழுதிய ஒரே நல்ல வார்த்தை அது. அன்றே உங்களுக்குப் போன் செய்திருக்க வேண்டும். செய்யவில்லை. அச்சுக்குப் போகட்டும், அப்புறம் சொல்லலாம், அப்போதுதான் தெரியும் என்று நினைத்தேன். என்ன தெரியும், யாருக்குத் தெரியும் என்று யோசிக்கவில்லை.

வெளியீட்டு விழாவுக்கு வீட்டுக்காரரும் வந்தார். நீங்கள் புத்தகத்தில் எத்தனையோ பக்கம் இருக்க, அந்த ஆற்று மணல் பேச்சைத்தான் வாசித்தீர்கள். ஹாலே கைதட்டியது. எனக்குப் பக்கத்தில் ஒரு இளம்பெண், கல்லூரியில் பாடம் எடுப்பவளாம், கண்ணைத் துடைத்துக்கொண்டு என்னிடம் சொன்னாள்.

"அந்தக் காலத்துலயே எம்புட்டுக் கோவம் பாத்தீங்களாக்கா. நமக்கெல்லாம் வாயே வராது."

"ஆமாம்மா," என்றேன். வேறென்ன சொல்வது?

என் வாழ்க்கையில் எனக்குக் கிடைத்த முதல் கைதட்டல். அது எழுந்து நேராக அவளிடம் போய்விட்டது. அன்றைக்கு அவளை வெறுத்த மாதிரி நான் யாரையும் வெறுத்ததில்லை. வீட்டுக்கு வரும் வழியில் காளவாசல் சிக்னலில் வண்டி நிற்கும்போது வீட்டுக்காரர், "நீ எழுதுனதுதான அது?" என்றார். நான் ஆமாம் என்றேன். "தெரியும். அடுப்பாங்கரைல நீ கத்துற மாதிரியே இருந்துச்சு," என்றார்.

அடுத்த வாரம் உங்கள் வீட்டுக்கு வந்தேன். உங்கள் மனைவி மோர் கொடுத்தார். எல்லாவற்றையும் சொன்னேன். நீங்கள் முதலில் சிரித்தீர்கள். பிறகு நான் கொண்டுவந்த முதல் புரூஃபில் சிவப்பு மையைப் பார்த்தீர்கள். கண்ணாடியைக் கழற்றிவிட்டீர்கள்.

"ஏம்மா இப்படிப் பண்ணுன?"

"தப்புத்தான் சார். திருத்தம் போட்டுருங்க. இந்தப் பக்கம் கெடைக்கல, டைப் பண்ணுனவ எழுதினதுன்னு ஒரு சீட்டு அடிச்சு உள்ள ஒட்டிரலாம். சீட்டை நானே அடிச்சுத் தாரேன்."

"எழுநூறு புத்தகம் வெளியில போயிருச்சும்மா. எல்லாரும் அதைத்தான் எழுதிக்கிட்டு இருக்காங்க. இப்பப் போயி டைப்பிஸ்ட் எழுதுனதுன்னா என் மொகம் என்னத்துக்காகும்? ரெண்டாம் பதிப்புல பாத்துக்கலாம். நீ யாருகிட்டயும் பேசாத."

டைப்பிஸ்ட் எழுதியது என்றால் உங்கள் முகம் என்னத்துக்கு ஆகும். அந்த வார்த்தையை நான் மறக்கவில்லை.

இரண்டாம் பதிப்பு வந்தது. டைப்பை வேறு இடத்தில் கொடுத்துவிட்டீர்கள். என் பக்கங்கள் அப்படியே இருந்தன. முன்னுரையில் மூன்று பத்தி கூடியிருந்தது. ஆற்று மணல் காட்சியில்தான் தமிழ்ப் பெண்ணின் கோபம் முதல்முதலாக நாவலுக்குள் வருகிறது என்று எழுதியிருந்தீர்கள். ஏமாந்துபோய்ச் சொன்னதை மன்னிக்கலாம். தெரிந்த பிறகு அச்சில் போட்டதை என்னவென்று சொல்வது?

அப்போதும் நான் பேசாமல்தான் இருந்தேன். வெட்கத்தைவிட்டுச் சொன்னால், உள்ளுக்குள் ஒரு கர்வம்கூட இருந்தது. அவள் பெயரில் இருந்தாலும் பேசப்படுவது நான். நாவலில் மற்றதை யாரும் பேசவில்லை. ஒரு வகையில் அவளை ஜெயித்துவிட்டேன் என்று நினைத்துக்கொண்டேன்.

மூன்று மாதம் முன்னால் ஒரு போன் வந்தது. முதல் பதிப்பின் உள்பக்கத்தில் ஒளியச்சு என்று போட்டு என் நம்பர் இருக்கும். அதைப் பார்த்துக் கூப்பிட்டிருந்தார் ஒரு அம்மா. தபால் ஆபீஸில் வேலை பார்த்து ரிட்டையரானவர். திருமங்கலம். அந்த நாவலாசிரியையின் தங்கை வழியில் வந்தவர்.

"உங்க சாருக்கு ரெண்டு லெட்டர் போட்டேன், பதிலே இல்ல. எங்க வீட்டுல அந்தப் பொஸ்தகம் முழுசா இருக்கு. எங்க பொஸ்தகத்துல ரெண்டு பேரும் புளியில கொட்டை எடுக்குறாங்க. உங்க பொஸ்தகத்துல ஆத்துல போயி நின்னு கத்துறாங்க. எதும்மா சரி?"

"நான் நேர்ல வாரேன்க்கா," என்றேன்.

மறுநாளே திருமங்கலம் பஸ் ஏறினேன். பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் நாலாவது தெருவில் வீடு. அந்த அம்மா டிரங்குப் பெட்டியில் துணிக்கடை மஞ்சள் பையில் போட்டு வைத்திருந்தார். அட்டை இல்லை. ஆனால் எண்பதுக்கு அடுத்து எண்பத்தொன்று இருந்தது.

முதலில் படிக்கவில்லை. போலியாக இருக்க வேண்டும் என்று நினைத்துக்கொண்டே அச்சைப் பார்த்தேன். எண்பத்தோராம் பக்கத்து அடியில் சின்னதாக 6 என்று இருந்தது, ஃபாரம் நம்பர். அந்த அச்சகத்தில் 'ழ' அச்சு சிலவற்றுக்கு வால் உடைந்திருக்கும். உங்கள் புத்தகத்தில் இரண்டாம் ஃபாரத்திலிருந்து கடைசி வரை அந்த உடைந்த 'ழ' வந்துகொண்டே இருக்கும், நான்தான் ஸ்கேனில் பெரிதாக்கிப் பார்த்துப் பார்த்து அடித்தவள். இந்தப் பதினாறு பக்கத்திலும் அது ஐந்து இடத்தில் இருந்தது. தையல் ஓட்டை ஐந்தும் மற்ற ஃபாரங்களின் ஓட்டையோடு நூல் பிடித்த மாதிரி ஒத்துப்போனது. ஈயம் கோத்தவளுக்கு இதற்கு மேல் சாட்சி வேண்டாம்.

அப்புறம் படித்தேன்.

கதாநாயகி கதவண்டை வந்து நிற்கிறாள். சிநேகிதி கூடத்தில் புளியைக் கொட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருக்கிறாள். வா என்று சொல்லவில்லை, நகர்ந்து இடம் விடுகிறாள். இவள் உட்கார்ந்து இன்னொரு அரிவாள்மணையை இழுத்துப் போட்டுக்கொள்கிறாள். பதினாறு பக்கமும் புளிதான். எந்த வருஷத்துப் புளி, கோது எவ்வளவு, எந்தப் பிள்ளைக்குப் பெருக்கல் வாய்ப்பாடு வரவில்லை, போர்டிங்கில் ஒருநாள் இரண்டு பேரும் புளியைத் திருடித் தின்று வயிற்றுவலியில் கிடந்தது. வேலையைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. பொழுது இறங்குகிறது. இவள் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வாசல் வரைக்கும் போய்த் திரும்பி, 'உனக்குக் கிடைத்தது எனக்குப் பொறுக்கவில்லை. நாளைக்கும் வருகிறேன், புளி மீந்திருக்கிறதே' என்கிறாள். அவ்வளவுதான். அடுத்த பக்கத்தில் 'என்றாள்' வந்து ஒட்டிக்கொள்கிறது.

நான் இரண்டு பக்கம் கத்தியதை அவள் ஒரே வரியில் முடித்துவிட்டாள். அதையும் வாசலில் நின்றுகொண்டு.

மறுபடி படித்தேன். எங்கேயாவது ஒரு வார்த்தை சறுக்கியிருக்காதா என்று தேடினேன். அந்த அம்மா இரண்டு தரம் காபி ஆறுகிறது என்றார். எனக்கு வந்த பொறாமையை எழுதத் தெரியவில்லை. முன்னால் அவளுக்குக் கிடைத்த மரியாதையின் மேல் பொறாமை. இது வேறு. அவள் கையின் மேல் பொறாமை. எனக்கு எந்த ஜென்மத்திலும் அந்த வரி வராது. வராது என்று தெரிகிற அளவுக்குத்தான் எனக்குப் படிக்கத் தெரியும்.

அந்த அம்மாதான் மீதியையும் சொன்னார். வீட்டில் அவளைப் பெரிய டீச்சர் என்று சொல்வார்களாம். இரண்டாவதாக ஒரு நாவல் எழுதி மிஷனுக்குக் கொடுத்தாளாம். கமிட்டி திருப்பி அனுப்பிவிட்டது. கதாநாயகி கடைசியில் மனந்திரும்பவில்லை, திருந்துகிற மாதிரி ஒரு அத்தியாயம் எழுதித் தந்தால் போடலாம் என்றார்களாம். அவள் எழுதித் தரவில்லை.

"ஒரே ஒரு அத்தியாயந்தான? எழுதிக் குடுத்திருக்கலாம்ல?" என்று கேட்டேன்.

"அதைத்தான் வீட்டுலயும் கேட்டாங்களாம். அவ திருந்த மாட்டேங்கிறா, நான் என்ன பண்ணன்னு சொல்லுச்சாம்," என்றார் அந்த அம்மா.

அந்தத் தாள்களை என்ன செய்தாள் என்று யாருக்கும் தெரியவில்லை. அப்புறம் போர்டிங் பொறுப்பைப் பார்த்துக்கொண்டு, கிறிஸ்மஸுக்குப் பிள்ளைகள் நடிக்கிற நாடகம் மட்டும் எழுதிக் கொடுத்துக்கொண்டு, சம்பளத்தில் தங்கை பிள்ளைகளைப் படிக்க வைத்து, கடைசிவரை ஒற்றையாகவே இருந்து செத்துப்போனாள். தலைமை உபாத்தியாயினி வேலை கடைசிவரை அவளுக்கு வரவில்லை. அவளும் விதவைதான். உங்கள் ஐந்து வருஷ அலைச்சலில் இது உங்களுக்குக் கிடைக்கவில்லை, சார். இரண்டு லெட்டருக்குப் பதில் போட்டிருந்தால் கிடைத்திருக்கும்.

இன்னொருவர் கேட்டபடி ஒரு அத்தியாயத்தை எழுதிச் சேர்க்க மாட்டேன் என்று எழுத்தையே விட்டவள் அவள். அவள் புத்தகத்தில் நான் ஒரு அத்தியாயத்தை எழுதிச் சேர்த்திருக்கிறேன். பஸ்ஸில் திரும்பி வரும்போது இதைத்தான் நினைத்துக்கொண்டு வந்தேன்.

பதினாறு பக்கத்தையும் போட்டோ எடுத்து உங்கள் வாட்ஸ்அப்புக்கு அனுப்பினேன். இரண்டு நீலக் கோடு விழுந்தது. பார்த்துவிட்டீர்கள் என்று தெரிந்தது. நான்காம் நாள் நானே கூப்பிட்டேன்.

"பாத்தேன்மா," என்றீர்கள். "ரொம்ப சாதாரணமா இருக்கே. புளி, கொட்டைன்னு. இதைப் போட்டா அந்த நாவல் நிக்காது."

"நிக்குதோ விழுகுதோ, அவ எழுதினது அதுதான சார்?"

"உனக்கு இலக்கியம் தெரியாது. அப்படியே விட்ரு."

விட்டிருப்பேனோ என்னவோ. ஆனால் போன மாதம் உங்கள் வாசகர் வட்டக் கூட்டத்துக்குத் திருமங்கலத்து அம்மாவே அந்த மஞ்சள் பையோடு வந்தார். நானும் பின்வரிசையில் இருந்தேன். அவர் எழுந்து கேட்டார். நீங்கள் மைக்கைப் பிடித்து, அந்தப் பிரதியில் இருப்பது பிற்காலத்தில் மிஷன்காரர்கள் ஒரு பெண்ணின் கோபத்தை மறைப்பதற்காக எழுதிச் சேர்த்த போலிப் பக்கங்கள் என்றும், ஆற்று மணல் காட்சிதான் மூலம் என்றும் சொன்னீர்கள். எல்லாரும் கைதட்டினார்கள். எனக்குத் தட்டிய அதே கைகள். அந்த அம்மா புத்தகத்தைப் பைக்குள் வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். நான் எழுந்து பேசியிருக்க வேண்டும். எழுந்திருக்கவில்லை. அதனால்தான் எல்லாரும் படிக்கிற மாதிரி இதை எழுதுகிறேன்.

நான் நல்லவள் என்பதற்காக இதைச் செய்யவில்லை. அவள்மேல் எனக்கு இன்றைக்கும் பொறாமைதான், சாகும்வரை இருக்கும். ஆனால் ஒருத்திமேல் பொறாமைப்பட வேண்டுமென்றால் அவள் எதிரே இருக்க வேண்டும். நீங்கள் அவளை அவள் புத்தகத்திலிருந்தே வெளியே தள்ளிவிட்டு, அந்த இடத்தில் என்னை உட்கார வைத்து, எனக்கு அவள் பெயரைச் சூட்டியிருக்கிறீர்கள். எனக்கு அந்த நாற்காலி வேண்டாம். தோற்பதென்றால் என் பெயரில் தோற்கிறேன். என் பக்கங்களை எடுத்துவிட்டால் எனக்குக் கிடைத்த ஒரே கைதட்டலும் போய்விடும் என்று தெரியும். போகட்டும்.

இதில் யார் பெயரையும் நான் போடவில்லை. முதலில் நீங்கள் வாயைத் திறங்கள், பெயரெல்லாம் தானாக வரும். இரண்டு புரூஃபும் என்னிடம் இருக்கின்றன, சிவப்பு மையும் இருக்கிறது, உங்கள் பென்சிலும் இருக்கிறது. உங்கள் வட்டம் அடுத்த ஞாயிற்றுக்கிழமை கூடுகிறது. திருமங்கலத்து அம்மாவைக் கூட்டிக்கொண்டு நான் முன்வரிசையில் வந்து உட்காருவேன். தனியாகக் கூப்பிட்டுப் பேச வேண்டாம், போனில் சமாதானம் சொல்ல வேண்டாம், மூன்றாம் பதிப்பில் பார்க்கலாம் என்ற கதையும் வேண்டாம். கைதட்டினவர்கள் எல்லாரும் இருக்கும்போது, அதே மைக்கில், ஒரு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள், சார்: உங்கள் புத்தகத்தில் இருக்கும் அந்தப் பதினாறு பக்கத்தையும் எழுதியது யார்?